கலப்பவர் அவர்கள், கணக்குக் கேட்டால் குற்றமா?

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் அதற்குப் பெயர் கலப்படம். கலந்தவனைத் தேடி அதிகாரிகள் வருவர். பங்க்கின் கதவில் பூட்டுத் தொங்கும். பூட்டின்மேல் அரக்கு முத்திரை விழும். மறுநாள் ஏடுகளில் செய்தி வரும். அதே பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயத்தைக் கலந்தால் அது கலப்படமல்ல, திட்டம்! தேசியத் திட்டம்! தீட்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். "என் வண்டி முன்போல் ஓடவில்லையே" என்று கேட்டுவிட்டால், கேட்டவன் தேசத்தின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவனாகிவிடுகிறான்.

தேநீர்க் கடையில், பட்டறை வாசலில், அலுவலகத்து வண்டி நிறுத்துமிடத்தில், எங்கும் இன்று இதே பேச்சு. "லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டி, நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டது" என்பார் ஒருவர். "செயினை இறுக்கிப் போட்டிருப்பாய், காற்று குறைந்திருக்கும்" என்பார் இன்னொருவர். "எல்லாம் எத்தனால் செய்த வேலை" என்பார் மூன்றாமவர். "பேசாமல் பேட்டரி வண்டி வாங்கித் தொலை" என்று நான்காமவர் முடிவுரை வழங்குவார். இந்த நால்வர் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. எரிசாராயம் கலப்பதே பாவம் என்று நாம் வாதாடவில்லை. இந்த நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அந்தச் செலவைக் குறைக்க வழி தேடுவது அறிவுடைமை. கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு எஞ்சும் மொலாசஸ் என்ற கழிவுப் பாகிலிருந்து சாராயம் காய்ச்சி, அதை வண்டிக்கு வார்ப்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1948-ஆம் ஆண்டிலேயே 'பவர் ஆல்கஹால்' சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இயற்றப்பட்டது. பிறகு அது தூங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் அதை ரத்தே செய்துவிட்டார்கள். 2001-இல் மீண்டும் சோதனை; 2003-இல் நூற்றுக்கு 5 கலப்பதென்று 9 மாநிலங்களில் தொடக்கம். பத்தாண்டு கழித்து, 2013–14-இல் கணக்கெடுத்தால் கலந்தது நூற்றுக்கு ஒன்றரை! அப்படி ஆமையாய் ஊர்ந்த திட்டம் பின்னர் முயலாய்ப் பாய்ந்தது. 2022-இல் நூற்றுக்கு 10. 2030-க்குள் எட்டுவோம் என்றிருந்த நூற்றுக்கு 20-ஐ, 2025-லேயே எட்டிவிட்டோம் என்று மார்தட்டினர்.

வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் அந்த வேகத்துக்கு வண்டிக்காரன் தயாரா என்று கேட்டார்களா?

விஷயம் இதுதான். எரிசாராயத்துக்குள் பெட்ரோலில் இருக்கும் அளவு சூடு கிடையாது. லிட்டருக்கு லிட்டர் எடுத்துப் பார்த்தால் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அது தரும். ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை ஊற்றினால், மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு ஆற்றல் குறையும். இதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளிக் கணக்கு போதும். எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். எரிசாராயத்துக்கு 'ஆக்டேன்' என்ற தகுதி அதிகம். அதற்கென்றே அழுத்தம் கூட்டி அமைக்கப்பட்ட எஞ்சினில், அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிட முடியும். அதற்கென்றே அமைக்கப்பட்ட எஞ்சினில்தான்! நம் தெருவில் ஓடுகிற வண்டிகளில் எத்தனை அப்படிப்பட்டவை? இந்தக் கலவையைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலுக்குப் பிறகு. அதற்கு முன்பு வாங்கியவன் என்ன செய்வான்? பத்தாண்டுக்கு முன் மகள் கல்லூரிக்குப் போக வாங்கிய ஸ்கூட்டரை, இன்று காய்கறி மூட்டை ஏற்றி ஓட்டிக் கொண்டிருப்பவன் என்ன செய்வான்?

மைலேஜ் குறையும் என்பது வண்டிக்காரனின் பிரமை என்று சிலர் சொல்கிறார்கள். பிரமைதானா? சர்க்காரின் சொந்தச் சபையான நிதி ஆயோக், 2021 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய அமைப்பிலான நான்கு சக்கர வண்டிகளில் நூற்றுக்கு 6 முதல் 7 வரையும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 வரையும் குறையும் என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறது. நாம் கட்டிவிட்ட கதையல்ல. அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஏடு.

நூற்றுக்கு மூன்று நான்கு என்ன பெரிய இழப்பு என்று மாளிகைவாசி கேட்பார். உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து, மழையிலும் வெயிலிலும் வீடு வீடாய்ப் படியேறும் இளைஞனைக் கேட்டுப் பார்க்கட்டும். நாளைக்கு 2 லிட்டர் போடுகிறான். மாதம் 26 நாள் ஓட்டினால் 52 லிட்டர். சென்னையில் 2025-இல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியே இருந்தது. நூறு என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 5,200 ரூபாய். அதில் நூற்றுக்கு மூன்று என்றால் 156 ரூபாய். நான்கு என்றால் 208. ஆண்டுக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு. அவன் வீட்டில் அது பிள்ளையின் புத்தகச் செலவு. அல்லது தீபாவளிக்கு ஒரு சேலை. இந்தத் தொகையை அவனிடம் யாரும் ரசீது போட்டு வசூலிக்கவில்லை. டாங்க்குக்குள்ளேயே கழித்துக்கொண்டார்கள்!

அதே நிதி ஆயோக் அறிக்கை இன்னும் இரண்டு சொன்னது. கலவை எண்ணெயில் ஆற்றல் குறைவு என்பதால், வாங்குபவனுக்கு ஈடாக வரிச் சலுகை கொடுத்து, விலையைக் குறைத்து விற்க வேண்டும் என்றது. பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக நூற்றுக்கு 10 கலந்த எண்ணெயும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றது. கலக்கச் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். விலையைக் குறைக்கச் சொன்னதையும் பழைய வண்டிக்காரனைக் காப்பாற்றச் சொன்னதையும் விட்டுவிட்டார்கள். ஒரே ஏட்டில் ஒரு பக்கம் வேதவாக்கு, மறுபக்கம் வெற்றுக் காகிதமா?

கேட்டபோது 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் பதில் தந்தது. அறிக்கை எழுதிய காலத்தில் எத்தனால் மலிவு. இப்போது விலை ஏறிவிட்டது. 2025 ஜூலை முடிவில் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கத்தைவிட அது அதிகம். எனவே குறைக்க முடியாது என்றனர். நல்ல பதில்! ஆற்றல் குறைந்த சரக்கை, அதிக விலை கொடுத்து வாங்கி, பழைய விலைக்கே நம் தலையில் கட்டுகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எதிர்க்கட்சிக்காரன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். பதினோரு ஆண்டுகளில் 1 இலட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அதே அமைச்சகம் கணக்குக் காட்டுகிறது. மிச்சம் பிடித்த பணத்தில் பங்கு கேட்கவில்லை, ஐயா! எங்கள் பையிலிருந்து எடுத்ததை மட்டும் திருப்பித் தரக் கூடாதா?

இடையே ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் பெட்ரோல்மீது டில்லி விதிக்கும் கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டப்பட்டது. அந்தக் கலால் முழுவதிலும் மாநிலங்களோடு பங்கு போடப்பட்ட அடிப்படை வரி லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதியெல்லாம் மேல்வரி, சிறப்பு வரி என்ற பெயர்களில் டில்லிப் பெட்டிக்கே. நம் சாலையில், நம் பிள்ளைகள் எரிக்கும் எண்ணெய்!

வழக்கு நீதிமன்றத்துக்கும் போயிற்று. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கட்டும். பங்க்கில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதி ஒட்டட்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை, 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சர்க்கார் தரப்பில், வழக்குத் தொடுத்தவருக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறது என்று வாதாடினார்கள். அதே மாதம், போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, தம்மைக் குறிவைத்துக் காசு கொடுத்துப் பிரசாரம் நடக்கிறது என்றார். இருக்கலாம், எண்ணெய் வியாபாரிகளுக்குள் ஆயிரம் போட்டி. ஆனால் வண்டியின் முள் இறங்குவதைப் பார்த்து வயிறு எரிகிறவனுக்கு யார் காசு கொடுத்தார்கள்? நீதிமன்றத் தீர்ப்பை மதிக்கிறோம். தீர்ப்பு வந்ததனால் எரிசாராயத்துக்குள் சூடு கூடிவிடாது.

'பிரேசிலைப் பார்!' என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், முழுவதும் பார்க்க வேண்டும். 1973-இல் எண்ணெய் விலை உலகை உலுக்கியதும், 1975-இல் அந்த நாடு கரும்புச் சாராயத் திட்டத்தைத் தொடங்கிற்று. சாராயத்தால் மட்டுமே ஓடும் கார்கள் வந்தன, மக்களும் வாங்கினர். 1980-களின் இறுதியில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறிற்று. ஆலை முதலாளி என்ன செய்வான்? சாராயத்தை விட்டுச் சர்க்கரைக்குத் தாவினான். சாராயக் கார் வாங்கியவன் வெறும் டாங்க்கோடு வரிசையில் நின்றான். அதன்பின் அந்தக் காரை வாங்க ஆளில்லை. பாடம் கற்ற பிரேசில், 2003-இல் எதை ஊற்றினாலும் ஓடும் கார்களைக் கொண்டு வந்தது. இன்று அங்கே பெட்ரோலிலேயே நூற்றுக்கு 30 கலக்கிறார்கள் என்பது மெய். 2025 ஆகஸ்டிலிருந்து அப்படி. ஆனால் அதே பங்க்கில் பக்கத்துக் குழாயில் தனிச் சாராயம். இரண்டுக்கும் விலைப் பலகை. பெட்ரோல் விலையில் நூற்றுக்கு 70-க்குக் கீழே சாராய விலை இருந்தால் அதைப் போடுவான். மேலே போனால் பெட்ரோல் போடுவான். வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக்கூட அந்தக் கணக்கு மனப்பாடம். முடிவு செய்கிற உரிமை அவன் கையில்! இங்கிலாந்தில் 2021-இல் நூற்றுக்கு 10 கலவை வந்தபோது, பழைய வண்டிகளுக்காக 5 கலவையையும் உயர்ரகக் குழாயில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 15 கலவை விற்கும் குழாயில், 2001-க்கு முந்தைய கார்களுக்கு ஊற்றாதே என்று எச்சரிக்கும் சீட்டு ஒட்டியிருக்கும். நம் நாட்டில்? ஒரே குழாய், ஒரே விலை, ஒரே பதில், 'வாயை மூடு'!

சாராயம் எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்காமல் விட முடியாது. கழிவுப் பாகு என்று தொடங்கினார்கள். இருபது பங்கு கலக்க அது எப்படிப் போதும்? கரும்புச் சாற்றையே நேராகக் காய்ச்சினார்கள். 2023-இல் மழை பொய்த்துச் சர்க்கரை குறையும் என்றதும், அந்த டிசம்பரில் சாற்றுக்குத் தடை போட்டார்கள். 2024 ஆகஸ்டில் தடையை எடுத்தார்கள். இதற்கிடையே மக்காச்சோளம் களத்தில் இறங்கியது. 2023–24-இலேயே கரும்பைத் தானியம் முந்திவிட்டது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024-இல் இறக்குமதி செய்யும் நாடாக மாறிற்று. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தானியத்தை இறக்குமதி செய்யும் விந்தையை எந்த நாட்டுப் பொருளாதார நூலில் கற்றார்களோ! இதன் சூடு நாமக்கல்லுக்குத் தெரியும். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அதன் விலை ஏறினால் முட்டை விலை ஏறும். நம் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் இருக்கும் முட்டைக்கும் அது வந்து சேரும். மக்காச்சோளம் பயிரிட்ட உழவனுக்கு நல்ல விலை கிடைத்ததே என்பர். கிடைத்தது, மகிழ்ச்சி. அந்த விலை நாளை எந்த உத்தரவால் விழும் என்று அவனுக்குத் தெரியாது. கரும்புக்காரன் 2023-இல் பட்டது அதுதான்.

அரிசிக் கதை இதைவிடக் கொடுமை. 2023 ஜூனில், ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதல் அரிசி கொடுக்க, காசுக்குத்தான் கேட்டது கருநாடக அரசு; கிலோவுக்கு 34 ரூபாய் தரவும் தயாராக இருந்தது. மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை நிறுத்திவிட்டோம் என்றது டில்லி. அதே காலத்தில் சாராயம் காய்ச்சும் ஆலைகளுக்கு உணவுக் கழகக் கிடங்கிலிருந்து கிலோ 20 ரூபாய்க்கு அரிசி போய்க்கொண்டிருந்தது! அடுத்த மாதம் அதையும் நிறுத்தினார்கள். 2024-இல் மறுபடி திறந்தார்கள். 2024–25 எத்தனால் ஆண்டுக்கு 52 இலட்சம் டன் ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் நிர்ணயித்த விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. அந்த அரிசியை வாங்கிச் சேமித்துக் காக்க, உணவுக் கழகத்துக்கு ஆகும் செலவோ கிலோ நாற்பது ரூபாயை ஒட்டி. கிடங்கில் அரிசி நிரம்பி வழிந்தது, புழுத்துப் போவதைவிட மேல் என்பது அவர்கள் சமாதானம். நிரம்பி வழிந்ததை முதலில் பசித்தவனுக்குக் காட்டியிருக்கலாம்.

சரி, அந்த நான்காமவரிடம் வருவோம், 'பேட்டரி வண்டி வாங்கு' என்றவரிடம். அவர் சொல்வதில் சாரம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சூட்டில் நான்கில் ஒரு பங்கைக்கூடச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதில்லை. மீதி புகைக் குழாயிலும் எஞ்சின் வெப்பத்திலும் போகிறது. மின் மோட்டார் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கொண்டுபோகும். 'அந்த மின்சாரமும் நிலக்கரியில் வந்ததுதானே' என்று மடக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முப்பந்தலில் காற்றாடி சுழல்கிறது. கமுதியில் சூரிய ஒளி மின்சாரமாகிறது. நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு, வீட்டில் செருக இடம் இருந்தால், மின்வண்டி இலாபம்தான். செருக இடம் இருந்தால்! மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவன், வண்டியைத் தெருவில் நிறுத்துபவன், மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருப்பவன், இவர்கள் கம்பியை எங்கே தொங்கவிடுவது?

அச்சமும் உண்டு. 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் தீப்பற்றின. வேலூரில் உயிர்களே போயின. அதன்பிறகுதான் பேட்டரிக்கான சோதனை விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். விதி முன்னால் வந்திருக்க வேண்டும். வண்டி பின்னால் வந்திருக்க வேண்டும். இப்போது வாங்குகிறவர்கள், இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியா, நிக்கல் வகையா என்று கேட்டு வாங்குவது நல்லது. முன்னது எடை கூடியது, ஒரே எடைக்குக் குறைந்த தூரமே ஓடும். ஆனால் நம் ஊர் வெயிலைப் பொறுத்துக்கொள்ளும், எளிதில் தீப்பிடிக்காது. வியாபாரி வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்.

சர்க்கார் கொடுத்த மானியமோ தேய்பிறை. 2023 ஜூனுக்கு முன் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய். அந்த ஜூனில் 10,000. 2024 அக்டோபரில் புதுத் திட்டம் என்று 5,000. மறு ஆண்டு 2,500. வண்டியோடு பேட்டரி வந்தால் வரி நூற்றுக்கு 5. அதே பேட்டரி ஐந்தாறு ஆண்டில் தளர்ந்து, தனியாக வாங்கப் போனால் வரி 18! புது வண்டி வாங்க வசதியுள்ளவனுக்குச் சலுகை. பழைய வண்டிக்கு உயிர் கொடுக்க நினைப்பவனுக்குச் சுமை. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பேட்டரிதான் என்பதை நினைவில் வைத்து இந்த வரியைப் பாருங்கள்.

அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் மின்கலம் எங்கே பிறக்கிறது? உலகில் விற்கும் லித்தியம் மின்கலங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனாவில். அரபு நாட்டு எண்ணெயை விட்டுச் சீனத்து மின்கலத்தைப் பிடித்தால் சுயசார்பு வந்துவிடுமா? நம்மிடம் அறிவு இல்லையா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14-ஆம் நாள் திறக்கப்பட்டது காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். தலைமுறை தலைமுறையாக மின்கல ஆராய்ச்சி நடக்கும் இடம். லித்தியம் மின்கலத்தை நாட்டிலேயே செய்யும் முறையைக் கண்டு, 2018 ஜூனில் ஒரு தனியார் கம்பெனிக்கு அதைத் தர ஒப்பந்தமும் போட்டார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் மின்வண்டித் தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. எரிசாராய ஆலைகளுக்கு வட்டிச் சலுகைமேல் சலுகை அள்ளிக் கொடுத்த டில்லி, காரைக்குடி அறிவுக்கும் கிருஷ்ணகிரி ஆலைக்கும் இடையே ஒரு பாலம் போட எவ்வளவு கொடுத்தது என்று நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

கூடவே, பங்க்கின் ஒவ்வொரு குழாயிலும் கலவை அளவை எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 10 கலந்த எண்ணெய்க்கு ஊருக்கு ஒரு குழாயாவது கேட்க வேண்டும். ஆற்றல் குறைந்த அளவுக்கு விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தனிப் பேட்டரிக்கும் வரி 5 என்றாக்கச் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சியல்ல. முதல் மூன்றில் இரண்டு, நிதி ஆயோக் ஏட்டிலேயே இருப்பவை.

அதுவரை, பழைய வண்டி வைத்திருக்கும் தோழர்கள் கவனிக்க: எரிசாராயம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் மிகுந்தால் தண்ணீரும் சாராயமும் டாங்க்கின் அடியில் தனியே இறங்கும். மழைக்காலத்தில் டாங்க்கை அரைகுறையாக விட்டு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டாம். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் கார்புரேட்டரை வடித்துவிடச் சொல்லுங்கள். சர்வீசுக்கு விடும்போது பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய வண்டிகளில் இவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டிவரும் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. செலவு சொற்பம்தான் என்றும் சொல்லியிருக்கிறது. மாற்றினால் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.